ஹிப்னோசிஸ்: பிள்ளைப்பேறு, மனசு, பழக்கவழக்கம் பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ரொறன்ரோவில் இருக்கிற என் தங்கை தன் தலைப்பிள்ளையைப் பெறுவதற்காக ஹிப்னோசிஸ் பழகிவிட்டு அந்த ஒலிப்பதிவுகளை எனக்கும் அனுப்பினாள், அப்படித்தான் இதற்குள் வந்தேன், பிறகு முறையாகவும் படித்தேன். கிளினிக் வாங்கிலில், கலியாண வீட்டுப் பந்தியில், ஒருமுறை சந்தையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நிற்கும்போதுகூட ஒரே கேள்விகள்தான் வரும். தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன், ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

ஹிப்னோசிஸ் எண்டால் என்ன? ஆளை நித்திரையாக்கிறதோ?

நித்திரை இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பெயர்தான் காரணம். 1840களில் மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் கிரேக்கரின் நித்திரைத் தெய்வத்தின் பெயரை எடுத்து இதற்கு வைத்தார், பிறகு அவருக்கே அது பிழையாகப் பட்டு வேறு பெயருக்கு மாற்றப் பார்த்தார், ஆனால் அதற்குள் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் அறிதுயில் என்கிறார்கள், துயில் போலத் தெரிந்தாலும் அறிவு விழித்திருக்கிறது என்று அதிலேயே வருவதால் எனக்கு அது பிடிக்கும்.

கதைப்புத்தகத்தில் மூழ்கி இருக்கிறீர்கள், அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் கேட்கவில்லை. காது அடைக்கவில்லை, கவனம் முழுக்க வேறொரு இடத்தில் போய் நின்றுவிட்டது, அவ்வளவுதான். வேண்டுமென்றே அப்படி ஒரு நிலைக்குப் போய், அங்கே இருக்கும்போது சொல்லப்படுகிற சொல்லை உடம்பும் மனசும் வழக்கத்தைவிட இலகுவாக ஏற்றுக்கொள்ள விடுவதுதான் ஹிப்னோசிஸ். என்ன சொன்னார்கள் என்பது பெரும்பாலும் ஞாபகம் இருக்கும், வெளியே நாய் குரைப்பதும் கேட்கும்.

அப்ப உது வசியம்தானே? இல்லாட்டில் கோயிலில கலை வாற மாதிரியோ?

வசியம் இல்லை. உங்களுக்கு விருப்பமில்லாததை ஒருவர் உங்களைக்கொண்டு செய்விக்கிற மந்திரம் இதில் கிடையாது. மேடையில் ஆளைக் கோழி மாதிரிக் கூவ வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்த மேடைக்குத் தானாக ஏறிப் போகிறவர்களில் இருந்து, சொன்னதை உற்சாகமாகச் செய்யக்கூடிய நாலு பேரைப் பொறுக்கி எடுத்துத்தான் அந்தக் கூத்து நடக்கிறது.

இரண்டாவது கேள்வி அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. நல்லூரில் முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடியில் வருகிறவரின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்தியை நான் அளக்க வரவில்லை, ஆனால் கவனமும் எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் ஒன்றாகச் சேர்ந்தால் உடம்பு நோவை வேறு மாதிரி எடுக்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. கேரளத்திலிருந்து வந்து யாழ் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஏப்ரகாம் கோவூர், பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்ட பலருக்கு ஹிப்னோசிஸ்தான் பயன்படுத்தினார். அவருடைய நாத்திகத்தோடு சண்டை பிடிக்கிறவர்கள் தாராளமாகப் பிடிக்கலாம், அது வேறு கதை.

நான் சரியான பிடிவாதக்காரி. எனக்கு வேலை செய்யுமோ?

பிடிவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1959இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதை அளக்க ஒரு அளவுகோலே செய்தார்கள். சிலர் மிக இலகுவாகப் போவார்கள், சிலருக்கு அனேகமாக வேலை செய்யாது, பெரும்பாலானோர் நடுவில் நிற்போம். நானும் நடுவில்தான்.

அதுக்குள்ள போய் எழும்பேலாமல் போனால்?

அப்படி ஒன்றும் நடக்காது. ஒலிப்பதிவு பாதியில் நின்றால் கண்ணைத் திறப்பீர்கள், அல்லது நித்திரையாகிப் பிறகு எழும்புவீர்கள். மோட்டார் சைக்கிள் ஓடும்போது, அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது, பிள்ளையைக் கிணற்றடியில் விளையாட விட்டுவிட்டு மட்டும் கேட்காதீர்கள்.

ஹிப்னோசிஸ் பழகினால் பிள்ளை பெறேக்கை நோவே இருக்காதாமே? கனடாவில எங்கட ஆக்கள் அப்பிடித்தானாம் பெறுகினம்.

நோ இருக்கும். சிலருக்கு மிகக் குறைவாக இருந்திருக்கிறது, உண்மை, ஆனால் அவர்களுடைய வீடியோவைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். ஆராய்ச்சி சொல்வதை அப்படியே தருகிறேன். 2016இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 9 ஆய்வுகளை, மொத்தம் 2,954 பெண்கள், ஒன்றாக எடுத்துப் பார்த்தது. ஹிப்னோசிஸ் பழகியவர்கள் நோ மருந்து எடுத்தது ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் குறைவு. ஆனால் முதுகில் போடுகிற எபிடியூரல் ஊசி கேட்டவர்களில் தெளிவான வித்தியாசம் இல்லை, சுகப்பிரசவம் கூடியதாகவும் காட்ட முடியவில்லை.

அதற்கு முன் 2015இல் இங்கிலாந்தில் தலைப்பிள்ளைக்காரிகள் 680 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு இரண்டு வகுப்பும் தினமும் கேட்க ஒரு சிடியும். எபிடியூரல் எடுத்தது இவர்களில் 27.9 சதவீதம், மற்றவர்களில் 30.3 சதவீதம், அதாவது பெரிய வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை பிறந்து இரண்டு கிழமைக்குப் பிறகு கேட்டபோது, பழகிய பெண்கள் தாங்கள் முன்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் பயந்தோம் என்று சொன்னார்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

நோ குறையுமெண்டு நிச்சயமில்லையெண்டால் பிறகேன் மினக்கெடுவான்?

பயத்துக்காக. கிராண்ட்லி டிக் ரீட் என்ற இங்கிலாந்து மகப்பேற்று வைத்தியர் 1930களிலேயே சொன்ன கணக்கு இது: பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் நோ கூடும், நோ கூடினால் இன்னும் பயம் வரும். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று யாரும் ஏற்பதில்லை, ஆனால் இந்தச் சுற்று லேபர் ரூமில் நின்ற எந்த மருத்துவிச்சிக்கும் தெரியும். பல்லைக் கடித்து, தோளை ஏற்றி, கால்விரலை மடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு குத்துக்கும் எதிர்த்து நிற்கிற பெண் அரைவாசி நேரத்திலேயே களைத்துவிடுவாள்.

எங்கள் ஊரில் பயத்தை ஊட்டுவதற்கும் ஆட்கள் குறைவில்லை. வயிறு தெரியத் தொடங்கினால் போதும், பெரியம்மா தன்னுடைய பதினெட்டு மணித்தியாலக் கதையையும் பக்கத்து வீட்டு அன்ரி தன்னுடைய தையல் கதையையும் எடுத்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு வகை ஹிப்னோசிஸ்தான். தினமும் இருபது நிமிடம் வேறொரு குரலைக் கேட்பது அதற்கு ஒரு மாற்று.

எத்தினையாம் மாசம் தொடங்கிறது? வீட்டில என்ன செய்யவேணும்?

ஏழாம் மாதம் தொடங்கினால் போதுமான நேரம் இருக்கும், எட்டாம் மாதத்தில் வந்தவர்களும் பயன்பட்டிருக்கிறார்கள். ஒரே நேரம், ஒரே இடம், இடப்பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு. மூச்சை நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே, முட்டினால் ஆறு போதும். தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு இடமாகத் தளர விடுவது அடுத்தது. பிறகு, ஒரு கை குளிர்தண்ணிச் சட்டிக்குள் இருந்து விறைத்துப்போவதாக நினைத்து, அந்த விறைப்பைக் கையோடு கொண்டுவந்து அடிவயிற்றில் வைப்பது. கேட்கும்போது சிரிப்பு வரும், இரண்டு கிழமை செய்துவிட்டுச் சிரியுங்கள்.

ஒலிப்பதிவு விசயத்தில் ஒரு முக்கியமான சங்கதி. இணையத்தில் கிடைப்பதில் பாதி கடற்கரையில்தான் தொடங்கும், அலை வருகிறது, மெதுவாகத் தொடுகிறது என்று. வடமராட்சி கிழக்கிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு நான் யோசிக்காமல் அதையே போட்டுவிட்டேன். இரண்டாவது நிமிடத்தில் எழும்பி உட்கார்ந்துவிட்டாள், 2004 சுனாமியின்போது அவளுக்குப் பத்து வயது. பிழை என்னுடையது. அன்றிலிருந்து எந்த இடத்தில் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று முதலில் கேட்பேன். அவள் சொன்னது அம்மம்மா வீட்டுக் கிணற்றடி, வாழை மரத்து நிழல், கப்பி சத்தம். அதையே அவளுடைய போனில் பதிந்து கொடுத்தேன். உங்கள் குரலிலோ உங்கள் அக்காவின் குரலிலோ எங்கள் தமிழில் பதிந்தால் இன்னும் நல்லது.

ஆஸ்பத்திரி லேபர் ரூமில உதுக்கெல்லாம் விடுவினமோ?

மூச்சு விடுவதற்கு யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை. விளக்கை மங்கலாக்கி மெல்லிய சங்கீதம் போட்டு என்றெல்லாம் வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவதை மட்டும் மறந்துவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் கத்துவாள், விளக்கு எரியும், ஆட்கள் வந்து போவார்கள். அதனால் கடைசி மாதத்தில் சத்தமுள்ள இடத்திலும் கண்ணைத் திறந்தபடியும் பழகுங்கள், ரிவி ஓடட்டும், பிள்ளைகள் சண்டை பிடிக்கட்டும். போன் இல்லாமலும் பழகுங்கள். நான் போன இடத்தில் போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள், என் முழு ஆயத்தமும் அதற்குள்தான் இருந்தது.

மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், முதலே ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் குத்து வரும்போது கண்ணை மூடி மூச்சு எண்ணுவேன் என்று. இல்லாவிட்டால் மயங்கிவிட்டாள் என்று கன்னத்தில் தட்டுவார்கள். துணைக்கு ஒரு பெண் நிற்க சில வைத்தியசாலைகளில் விடுகிறார்கள், கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். இன்னொன்று: இரத்தம் போனால், பன்னீர்க்குடம் உடைந்து பச்சையாகப் போனால், பிள்ளை துடிப்பது குறைந்தால், கடுமையான தலையிடியோடு கண் மங்கினால், மூச்சு எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே போகவேண்டும், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

சிசேரியன் எண்டு சொல்லிப்போட்டினம். பழகினதெல்லாம் வீணோ?

இல்லை. முதுகில் ஊசி போடுகிறபோது அசையாமல் குனிந்து இருக்கவேண்டும், அங்கே அந்த மூச்சுப் போல வேறொன்றும் உதவாது. பிறகு தையலோடு எழும்பி நடக்கிற முதல் நாளுக்கும் அதுதான். எனக்கு ஆத்திரம் வருவது, சரியாகப் பழகியிருந்தால் வெட்டத் தேவை வந்திராது என்று சொல்கிற ஆட்கள் மேல். பிள்ளை குறுக்கே கிடந்தால் எந்த மூச்சும் திருப்பாது. வலி மருந்து கேட்பதும் தோல்வி இல்லை.

நாங்கள் வேதக்காரர். உது எங்கட சமயத்துக்குப் பிழையில்லையோ?

பாசையூரில் ஒரு மாமி மருமகளுக்காக வந்து கேட்டது. 1956 ஜனவரியில் பாப்பரசர் 12ஆம் பயஸ் மகப்பேற்று வைத்தியர்கள் முன் பேசும்போது, மனப் பயிற்சியால் நோவைக் குறைத்துப் பிள்ளை பெறுவதில் ஒழுக்கப்படி குற்றம் ஒன்றும் இல்லை என்று சொன்னார். மாமிக்கு அது போதும். மருமகள் செபமாலையைச் சொல்லிக்கொண்டே மூச்சு எண்ணப் பழகினாள். சைவ வீடுகளில் பஞ்சாட்சரத்தோடு செய்வார்கள்.

பிள்ளை பிறந்து ஒரு மாசம், சும்மா சும்மா அழுகை வருது. ஹிப்னோசிஸ் செய்தால் சரிவருமோ?

முதலில் இதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், நீங்கள் போகத் தேவையில்லை, அவர் வீட்டுக்கே வருகிறவர். பிறந்து நாலைந்து நாளில் வருகிற அழுகை இரண்டு கிழமைக்குள் தானாகப் போகும். அதற்கு மேல் நீண்டால், பிள்ளையைப் பார்க்கவே மனம் இல்லாவிட்டால், செத்துப் போகலாம் போல் இருந்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் தமிழில் கதைக்கலாம்.

துடக்கு என்று முப்பத்தொரு நாள் ஒரு அறைக்குள் இருக்கும்போது சரக்குத்தண்ணி நேரத்துக்கு வரும், எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி வராது. ஒலிப்பதிவு கேட்பது வைத்தியத்தோடு சேர்ந்து உதவலாம். வைத்தியத்துக்குப் பதிலாக வேண்டாம்.

யோசினை, நெஞ்சு படபடப்பு, நித்திரையில்லை. இதுகளுக்கு?

பதகளிப்புக்கு இது நன்றாகவே உதவுவதைக் கண்டிருக்கிறேன், முக்கியமாகச் சோதனைப் பயம், ஊசிப் பயம், பல்லு வைத்தியர் பயம். இது எங்களுக்கு அந்நியமான விசயமும் இல்லை. போர்க்காலத்தில் யாழ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சியையும் சாந்தி ஆசனத்தையும் அவரவர் சமயத்துச் செபத்தையும் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தினார்.

யாரும் எதிர்பாராத இடம் வயிறு. ஒரு நாள் வயிற்றோட்டம், ஒரு நாள் மலச்சிக்கல், சோதித்தால் ஒன்றும் இல்லை என்கிற ஐபிஎஸ் நோய்க்கு மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற வைத்தியர் 1984இலேயே ஹிப்னோசிஸ் செய்து நல்ல பலன் காட்டினார். ஒரு வருடம் மருந்து எடுத்தும் குணமில்லாதவர்களுக்கு இதை யோசிக்கலாம் என்று இப்போது பிரித்தானிய வழிகாட்டலிலேயே இருக்கிறது.

ஒரே தரத்தில சிகரட்டை விடப் பண்ணுவீங்களோ?

ஒரே தரம் என்று விளம்பரம் போடுகிறவரிடம் போகாதீர்கள். 2019இல் காக்ரேன் 14 ஆய்வுகளைப் பார்த்து, மற்ற முறைகளைவிட இது நல்லது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நிக்கோட்டின் இல்லாத முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம், அதைத் தாண்ட வைத்தியரின் ஆலோசனையும் வேண்டும்.

நான் இதைப் பயன்படுத்துவது வேறு விதமாக. வெற்றிலை புகையிலை போடுகிற ஒரு அண்ணை வந்தார், இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறார், வாய்க்குள் ஒரு வெள்ளைத் தழும்பைக் கண்டு பயந்துபோய். (இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அவரை முதலில் வாயைக் காட்ட அனுப்பினேன்.) எப்போது போடுகிறீர்கள் என்று எழுதச் சொன்னால், பிளேன்ரீ குடித்து முடிந்த கையோடு, கடையில் சும்மா இருக்கும்போது, ஆட்களோடு கதைக்கும்போது. ஹிப்னோசிஸில் நாங்கள் ஒத்திகை பார்த்தது அந்த மூன்று நேரத்தையும்தான், பிளேன்ரீ முடிகிறது, கை பெட்டிக்குப் போகிறது, அங்கே நின்று கராம்பை எடுக்கிறது. இருபது தரத்துக்கு மேல். நாலு மாதம் விட்டார், மச்சானின் கலியாண வீட்டில் திரும்பப் போட்டார், திரும்ப வந்தார். நகம் கடிக்கிற பிள்ளைகளுக்கும் இதே முறைதான், அவர்களுக்கு இன்னும் கெதியாகப் பிடிக்கும்.

அவருக்குத் தெரியாமல் அவற்றை குடியை நிப்பாட்டேலுமோ?

ஏலாது. வசியம் பற்றிச் சொன்ன பதிலைப் பாருங்கள், அவர் வராமல் ஒன்றும் நடக்காது. அவரே வந்தாலும் நான் முதலில் வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவேன். நாள்தோறும் கனக்கக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரும் போகலாம்.

மகன்தான் காசெடுத்தவன் எண்டு சந்தேகம். அறிதுயிலில வைச்சு உண்மையைக் கறக்கலாமோ?

கறக்க முடியாது, அதிலும் பொய் சொல்லலாம். மகனோடு கதையுங்கள்.

2009இல கடைசியா அவரை எங்க கண்டனான் எண்டு மறந்துபோச்சு. அதை ஞாபகத்துக்குக் கொண்டுவர ஏலுமோ?

போரில் காணாமல் போனவரைத் தேடுகிற மூன்று பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஞாபகம் கசெட் மாதிரி உள்ளே பதிந்து கிடப்பதில்லை, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மனம் அதைத் திரும்பக் கட்டுகிறது. நடக்காத ஒன்றை நடந்ததாக ஒருவர் நம்புகிற அளவுக்கு ஞாபகத்தை மாற்ற முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் பல பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார். ஹிப்னோசிஸில் இந்த ஆபத்து கூடும், அதோடு வந்த காட்சி உண்மைதான் என்ற உறுதியும் கூடிவிடும்.

நினைத்துப் பாருங்கள், ஒரு பஸ், ஒரு சோதனைச் சாவடி, ஒரு நீலச் சேட்டு என்று ஏதோ வந்துவிட்டது. அந்தப் பெண் அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் அலைவார், எங்காவது வாக்குமூலமாகவும் கொடுப்பார். அது ஞாபகமா, ஆசையா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. என்னால் செய்யக்கூடியது அவர் இரவில் நாலு மணித்தியாலமாவது படுக்க உதவுவது. அந்த நாளைத் திறப்பதென்றால் அதற்குப் பயிற்சி பெற்ற உளமருத்துவரோடுதான். முற்பிறப்புக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆருக்கு உது கூடாது? ஆரிட்டைப் போறது?

குரல் கேட்பது, இல்லாதது தெரிவது போன்ற மனநோய் இருந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். மற்றும்படி, போகிற ஆளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஹிப்னோசிஸ் படிக்க முன் நீங்கள் என்னவாக இருந்தீர்கள்? வைத்தியர், தாதி, மருத்துவிச்சி, உளவியலாளர், உளவளத்துணையாளர் என்று ஏதாவது அடித்தளம் இருக்கவேண்டும். பத்துத் தரத்துக்கு முற்பணம் கேட்டால், குணமாகும் என்று உத்தரவாதம் தந்தால், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைப் பூட்டினால், எழும்பி வந்துவிடுங்கள்.

உங்களுக்கு வேலை செய்ததோ, அதைச் சொல்லுங்கோ முதல்.

மூத்தவளுக்கு நான் ஒன்றும் பழகவில்லை, கத்தி ஊரைக் கூட்டினேன். இளையவனுக்கு மூன்று மாதம் பழகினேன். போன் வெளியே போன கதை மேலே இருக்கிறது. கிணற்றடி, குளிர்தண்ணிச் சட்டி எல்லாம் முதல் ஐந்து மணித்தியாலம் நன்றாக வேலை செய்தது, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று போனது, பெத்திடின் என்ற நோ ஊசியைக் கேட்டு வாங்கினேன். கடைசிவரை நின்றது வெளியே விடுகிற மூச்சும் அந்த எட்டு எண்ணிக்கையும் மட்டும்தான். சத்தமாக எண்ணியிருக்கிறேன் போல. எல்லாம் முடிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது மிஸ்ஸி கேட்டா, "என்ன பிள்ளை, எட்டு எட்டாய் எண்ணிக்கொண்டு கிடந்தீர், சீட்டுக்காசோ?"